செயலி மட்டும் போதாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், வானம் பார்க்கத் தொடங்குவோருக்கான கட்டுரையில், "கைப்பேசியும் ஒரு செயலியும் இருந்தால் போதும், அச்சிட்ட நட்சத்திர வரைபடங்களுக்கு இனி வேலை இல்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நீண்ட நாள் வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பது தாங்கள் அறியாததல்ல. வெளிச்சமான திரையை ஒருமுறை பார்த்தால் அத்தனையும் போச்சு. என்னுடன் வானம் பார்க்க வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைத் தேடும்போது திரையில் பெரிய வண்ணச் சுழல் தெரிகிறது; நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமில்லை. முகம் வாடிவிடுகிறது. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காத மங்கலான சிவப்பு டார்ச்சில் வரைபடத்தைக் காட்டி, காசியோப்பியா என்ற விண்மீன் குழுவிலிருந்து வழி சொல்லி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னால், நல்ல இருட்டில் அந்த மங்கிய திட்டு வெறுங்கண்ணுக்கே அகப்படுகிறது. தானே கண்டுபிடித்த பிள்ளை அந்த இடத்தை மறப்பதே இல்லை.

செயலி காட்டும் திசையும் எப்போதும் சரியாக இருக்காது. கைப்பேசிக்குள் இருப்பது காந்த உணரி. பக்கத்தில் இரும்பு முக்காலியோ காந்த மூடி வைத்த உறையோ இருந்தால் தடுமாறும். வியாழன் ஓரிடத்தில் இருக்க, திரை வேறிடத்தைக் காட்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டெல்லேரியம் இலவசமாகக் கிடைக்கிறது, என் கணினியில் எந்நேரமும் இருக்கிறது. கோள்கள் இன்று எங்கே, வியாழனின் நிலவுகள் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அச்சு வரைபடம் சொல்லாது, மென்பொருள்தான் சொல்லும். வால்மீன் தேடுவதென்றால் அதன் சுற்றுப்பாதைத் தரவுகளை முதலில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். கார்த் து சியல் என்ற இன்னொரு இலவச மென்பொருளில், வேண்டிய பகுதியை மட்டும் வேண்டிய அளவு நட்சத்திரங்களோடு அச்சிடலாம். தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிந்தால் படத்தையும் அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். பகலிலேயே வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்து, தாளை எடுத்துக்கொண்டு வெளியே போவதுதான் எங்களைப் போன்றவர்களின் வழக்கம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்ல என்ன அவசரம்?

வரைபடங்கள் எல்லாவற்றையும் "பழைய அட்லஸ்கள்" என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. நட்சத்திரத்தின் பிரகாசத்தைச் சொல்லும் எண் பொலிவெண்; எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கலானது. வெறுங்கண்ணுக்கு எட்டுவது ஏறக்குறைய 6 என்ற பொலிவெண் வரைதான். பாக்கெட் ஸ்கை அட்லஸ் 7.6 வரை போகிறது. 80 வரைபடங்களில் 30,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு அது போதும். யுரேனோமெட்ரியா 2000.0 என்ற பெரிய அட்லஸில் 9.75 வரை, 2,80,000-க்கும் மேல். அதைப் புதியவர் கையில் கொடுத்தால் புள்ளிகளில் மூழ்கிப்போவார். யாருக்கு எது என்று சொல்வதுதானே அப்படியொரு கட்டுரையின் வேலை? 2000-ஆம் ஆண்டுக்கு வரைந்தவை காலாவதியாகிவிட்டன என்பதும் சரியல்ல. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஆயத்தொலைகள், அதாவது வானில் இடத்தைக் குறிக்கும் எண்கள், 72 ஆண்டுகளில் சுமார் ஒரு பாகைதான் நகர்கின்றன. நட்சத்திரங்களின் ஒன்றுக்கொன்றான அமைப்பு அதனால் மாறுவதே இல்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். தங்கள் இதழின் மாத வான்படத்தில் முன்பொரு சமயம் விண்மீன் குழுக்களின் கோடுகளை ஆரஞ்சு நிறத்தில் அச்சிட்டீர்கள். சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. எழுதினேன், பதில் இல்லை. இன்னொரு முறை, படத்தில் கிழக்கும் மேற்கும் மாறிவிட்டன என்று ஒரு வாசகர் எழுத, தாங்கள் வருத்தம் தெரிவித்து அடுத்த மாதமே மாற்றி அச்சிட்டீர்கள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் படம் அது. வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம்தான் வரும். சரியாக இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, தவறானதை எங்கள் கையில் கொடுத்தீர்கள். அப்போதும் எழுதினேன். அந்தக் கடிதமும் வெளிவரவில்லை. இதழை நம்பி வானத்தைப் பார்க்கும் ஒருவருக்கு இது எவ்வளவு வேதனை என்பதைத் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. மாத வான்படத்தை வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக, கிழக்கை இடப்பக்கம் வைத்து அச்சிடுங்கள். எந்த அட்சரேகைக்கு, எந்த நேரத்துக்கு, எந்தப் பொலிவெண் வரை என்ற மூன்று விவரங்களையும் அதன் கீழே சேருங்கள். ஒரு வரி இடம் போதும். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால், இதை விட்டுவிட்டு அந்த வரியையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்