மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் அக்காவுக்கு

நேற்று விடியற்காலை பூ வந்து இறங்கும்போது எங்கள் எடை மெஷின் எல்லாமே சார்ஜோடு இருந்தன. மூன்று வாரமாக விடியும்போது மெஷினில் சார்ஜ் தீர்ந்துபோய் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியைச் சொல்லாமல் மட்டும் இருக்க முடியவில்லை.

மார்க்கெட்டில் கணக்கு எழுதும் அக்காவிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பூக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 11 நாள் குறித்து வைத்திருந்தார். “செவ்வாய். சாயங்காலம் ஒயர் ஆடி எடை வரல. திருப்பிச் செருகுனேன், வந்துருச்சு. விடிய சார்ஜ் இல்ல.” ஒயர் ஆடாத நாளுக்கு வெறும் ஒரு டிக். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ராத்திரி லாகை, அதாவது மெஷின் தானே எழுதிவைக்கும் பதிவை, மட்டுமே துழாவிக்கொண்டிருந்தோம். கோளாறு முந்தின சாயங்காலத்தில் இருந்தது.

எங்கள் மெஷினுக்குள் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. சாதனம் தேவைப்படும்போது ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் குறைக்க வேண்டும். பூஜ்யத்துக்கு வந்தால்தான் அது உறங்கும். எண்ணிக்கையைக் கூட்டிச் சாதனத்தை எழுப்ப பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் என்ற கெர்னல் கட்டளையை அழைத்தால், சாதனம் எழாமல் பிழை வந்தாலும் கூட்டிய ஒன்று அப்படியே நிற்கும். ஒயர் ஆடி எடை சிப் எழாதபோது, எங்கள் டிரைவர் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) பிழையைப் பார்த்ததும் அதைக் குறைக்காமல் திரும்பிவிட்டது. அக்கா ஒயரைச் செருகியதும் டிரைவர் சிப்பை மறுபடி துவக்கியது, எடையும் வந்தது. எண்ணிக்கை மட்டும் அதன் பிறகு பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லை. சிப் விடிய விடிய விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்தது.

எழுப்புவதில் தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும் பிஎம்_ரன்டைம்_ரிசியூம்_அண்ட்_கெட் என்ற கட்டளை 2020-இல், 5.10 கெர்னலிலேயே வந்துவிட்டது. அதற்கு மாறினோம். அவ்வளவுதான் திருத்தம், ஆனால் எங்கே திருத்துவது என்று காட்டியது அந்த நோட்டு.

ராத்திரி கூடவே உட்கார்ந்த நண்பர்கள், பழைய தராசு இரவல் கொடுத்த அண்ணாச்சிமார், பாக்கி கேட்காமல் டீ அனுப்பிய கடைக்காரர், பொறுத்துக்கொண்ட வியாபாரிகள் எல்லோருக்கும் என் நன்றி.

இனி நான் எழுதும் எந்த டிரைவரையும், ஓடும்போதே ஒயரைப் பிடுங்கிச் சோதிக்காமல் வெளியே விடமாட்டேன்.

அக்கா, நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அந்த ஒயரையும் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.