பொலன்னறுவையில் இரண்டு நாள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மட்டக்களப்பில் எல்லாரும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை.

மருமகள் அனுப்பின பயணத் திட்டத்தை உன் தங்கச்சி போனில் பெரிசாக்கிக் காட்டினாள். கொழும்பு, சீகிரியா, பொலன்னறுவை, கண்டி, காலி. நல்ல திட்டம். சீகிரியாவுக்கு வாறவர்கள் பொலன்னறுவையை அரை நாளில் ஓடிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ இரண்டு இரவு வைத்திருக்கிறாய். எனக்குச் சந்தோசம். மூன்றாம் நாள் காலை கண்டிக்கு வாகனம் என்று போட்டிருந்தது. சரி.

பொலன்னறுவையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன இருக்கு என்று நீ கேட்டதில்லை, நானும் உட்கார்த்தி வைத்துச் சொன்னதில்லை. உன்னை ஒருக்கா கூட்டிப்போய்க் காட்டலாம் என்றால், உன் பள்ளிக்கூடக் காலம் முழுக்கச் சண்டை, வெலிக்கந்தையிலும் புணாணையிலும் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, பையைத் திறந்து காட்டித்தான் போக வேணும். அந்த வழியால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போக யாருக்கு மனம் வரும்? அதுதான் இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் குளத்தைப் பார். எல்லாரும் இடிந்த கட்டடங்களைப் பார்த்துவிட்டு, பின்னேரம் படம் எடுக்கத்தான் குளக்கட்டுக்கு வருவார்கள். அது தலைகீழ். பராக்கிரம சமுத்திரம் இல்லாமல் அந்த ஊரில் ஒன்றும் இல்லை. கட்டு மட்டும் ஏறத்தாழ 14 கிலோமீற்றர், உயரம் 40 அடி. முதலாம் பராக்கிரமபாகு 1153 இல் இருந்து 1186 வரை ஆண்டவன். முன்னமே இருந்த தோப்பாவெவ போன்ற சின்னக் குளங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, அம்பன் கங்கையை அங்கமெடில்லவில் மறித்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்தான். ஒரு துளி மழைத் தண்ணீரும் சும்மா கடலுக்குப் போகக்கூடாது என்று அவன் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் நீயும் படித்திருப்பாய். படிக்கிறது வேறு. மாரியில் அந்தக் கட்டில் நின்று, துருசை, அதுதான் மதகை, திறக்கிறதா பொறுக்கிறதா என்று இரவு முழுக்க நீர்மட்டம் பார்த்தவனுக்குத்தான் அந்த மனுசன் எவ்வளவு பெரிய எஞ்சினியர் என்று விளங்கும். எங்களிடம் அளவுகோலும் வரைபடமும் இருந்தன. அவனிடம் என்ன இருந்ததோ.

விடியக் கட்டில் நடவுங்கள், நல்ல காற்று. பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடாதே, முதலை இருக்கு. ஊர்க்காரர் குளிக்கிறார்களே என்று நீயும் இறங்காதே.

கட்டுக்குப் பக்கத்தில்தான் மியூசியம். டிக்கட்டும் அங்கேதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு டொலர்க் கணக்கு, அதுவும் கொஞ்சக் காசு இல்லை. உன் பழைய அடையாள அட்டை இருந்தால் கொண்டு வந்து காட்டிப்பார். இல்லாவிட்டால் கட்டு, என்ன செய்யிறது. இந்த நாட்டில் பிறந்தவன் டொலர் கட்டி இந்த நாட்டைப் பார்க்கிறது எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மாதிரித்தான் இருக்கு, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஓகஸ்ட் மாதம் கச்சான் காற்று அடிக்கிற நேரம், வெயில் நெருப்பு. திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு வெளியே வாருங்கள், மறுகா மூன்று மணிக்குப் பிறகு போகலாம். எந்தத் தாதுகோபத்துக்கும் சிலைக்கும் கிட்டப் போனால் செருப்பும் தொப்பியும் கழற்ற வேணும். கல் கொதிக்கும். தடிப்பான காலுறை கொண்டு வாருங்கள், எல்லாருக்கும். முழங்காலையும் தோளையும் மூடிய உடுப்பு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு விளங்காது, முன்கூட்டியே சொல்லி வை. குரங்கு கையில் இருக்கிறதைப் பறிக்கும், சாப்பாட்டுப் பையை வாகனத்தில் விட்டுவிடு. சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். இடங்கள் தூரந்தூரமாக இருக்கு, ஆனால் தரை மட்டம், சின்னவளையும் பின்னால் இருத்திக்கொண்டு ஓடலாம். நீ சைக்கிள் ஓடி எவ்வளவு காலமோ. கல்லடிப் பாலத்தில் கையை விட்டு ஓடி அடி வாங்கினவன்.

பராக்கிரமபாகுவின் அரண்மனையில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று இருக்கு. தடித்த செங்கல் சுவரில் சதுர ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், மேல்தட்டுக்கு மர வளை வைத்த இடம். ஏழு மாடி என்று சொல்லுவார்கள். மேலே எல்லாம் மரம், எரிந்து போய்விட்டது.

மாடி என்றதும் ஒன்று எழுத வேண்டி இருக்கு. நீ காசு அனுப்பிக் கட்டின மேல்மாடியை நாங்கள் யாருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை. யாரும் உனக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அது பொய். போன மாதம் பெயின்ற் அடித்து, ஏசியும் திருத்தியாச்சு. அம்மா கிழமைக்கு ஒருக்கா ஏறிப்போய்ப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு வாறா. முழங்கால் நோவோடு எதுக்கு ஏறுகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. இவ்வளவுதான், இதற்கு மேல் அதைப்பற்றி எழுத நான் வரவில்லை.

இரண்டாம் இலக்கச் சிவன் கோயிலுக்குக் கட்டாயம் போ. சோழர் 993 அளவில் அநுராதபுரத்தை அழித்து, தலைநகரை இங்கே மாற்றி, ஜனநாதமங்கலம் என்று பேர் வைத்தார்கள். 1070 இல் முதலாம் விஜயபாகு திருப்பிப் பிடிக்கும் வரைக்கும் அவர்கள் கையில்தான். இந்தக் கோயில் அப்போது கட்டினது, வானவன்மாதேவி ஈஸ்வரம், சோழ அரசியின் பேர். முழுக்கக் கல். மற்றவர்கள் செங்கல்லில் கட்டினது அனேகம் கூரை இல்லாமல் கிடக்க, இது விமானத்தோடு அப்படியே நிற்குது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கு. பெரியவனை ஒரு எழுத்தாவது வாசிக்கச் சொல்லு. பழைய எழுத்து, சிலது தெரியும். போன முறை போனில் "ஹாய் அப்பப்பா" என்றான், அதோடு போன் கைமாறிவிட்டது. தமிழ் வகுப்புக்குப் போறானா? நான் குறை சொல்லவில்லை, குளிருக்குள் கூட்டிக்கொண்டு திரியிறது கஷ்டம்தான். ஆனால் பிள்ளை அப்பப்பாவோடு என்ன பாசையில் கதைக்கிறது என்று யோசிக்க வேணும்.

பழைய விகாரைகள் சேர்ந்து நிற்கிற சதுர மேடைதான் நாற்கரம். அங்கே வட்டதாகே என்கிற வட்டக் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம், அட்டதாகே என்கிற பழைய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நட்ட கல் இருக்கு. வேளைக்காரர் கல்வெட்டு. தமிழில்தான். புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்போம் என்று அரசருக்குச் சேவகம் செய்த வேளைக்காரப் படை சத்தியம் பண்ணி எழுதிவைத்தது. வெளிநாட்டுக்காரர் திரும்பியும் பார்க்காமல் போவார்கள், வழிகாட்டியும் சொன்னாலும் சொல்லுவார், சொல்லாமலும் விடுவார். நீ நின்று பார். அந்தக் காலத்தில் நான் சாயந்தரம் அங்கே போய்ச் சும்மா நிற்கிறது. சிங்கள நண்பர் ஒருவர் வருவார், ஒரு வரியை நான் வாசிக்க, அவர் சிங்களத்தில் கேட்க, நேரம் போகிறது தெரியாது.

பக்கத்தில் கல்பொத்த. நிசங்கமல்லன் தன் புகழைத் தானே வெட்டுவித்த கல், 26 அடிக்கு மேல் நீளம், 25 தொன். மிகிந்தலையில் இருந்து இழுப்பித்தானாம். 1187 இல் இருந்து 1196 வரைதான் ஆட்சி, அதற்குள் எங்கே பார்த்தாலும் அவன் பேர். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் லதா மண்டபம் அவன் கட்டினது, தாமரைத் தண்டு வளைந்த மாதிரித் தூண்கள், அதுக்காக மன்னிக்கலாம்.

கல்விகாரைக்குப் பின்னேரம் போ. ஒரே பாறையில் நாலு சிலை. படுத்திருக்கிற புத்தர் 46 அடி. தலையணையைப் பார், தலை அழுத்திப் பதிந்த குழி வரைக்கும் வெட்டியிருக்கிறான். நிற்கிற சிலை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். முன்னம் அதைப் புத்தரின் சீடன் ஆனந்தன் என்றார்கள், குரு போகிற துக்கத்தில் நிற்கிறார் என்று. இப்போது அதுவும் புத்தர்தான் என்கிறார்கள். நான் பழைய கதையைத்தான் நம்புகிறேன். முகத்தைப் பார்த்தால் வேறு யாராக இருக்க முடியும்? வெயில் சரிகிற நேரம் பார், விளங்கும். காலுறையை மறக்காதே.

மின்னேரியாவில் அந்த மாதம் யானை கூடும், குளம் வற்றிப் புல் முளைக்கிற நேரம். ஜீப் பிடிக்க வேணும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். 1215 இல் பெரிய படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்து இருபது வருசத்துக்கு மேல் ஆண்டவன் மாகன். சிங்கள வரலாற்றில் அவன் கொடியவன். நம்மட பக்கம் அவன் மாகோன். கோயில்களில் தாய்வழிக் குடி பிரித்து, முறை வகுத்தவன் என்று சொல்லுவார்கள். கொக்கட்டிச்சோலைக் கோயிலில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று பெரியவர்கள் அடித்துக்கொள்ளும்போது நீ சிரிப்பாய், ஞாபகம் இருக்கா. அந்தக் குடி வழமைதான் நம்மட வளவும். அம்மம்மாவுக்கு அவட அம்மா கொடுத்தது, அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது, இப்போ தங்கச்சிக்கு. இந்த ஊரில் எந்த வீட்டில் வேற மாதிரி நடந்தது? உனக்குத் தெரியாத விசயமா? தங்கச்சி பேருக்கு வளவு உறுதி எழுதிய அன்று நீ போனை வைத்ததோடு சரி. நீ கொடுத்த காசை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? ஒவ்வொரு மூட்டைச் சீமெந்துக்கும் கொப்பியில் கணக்கு இருக்கு. ஆனால் மனே, இருந்து சாப்பிடுகிற கதிரைக்கு யாரும் உறுதி எழுதுவதில்லை.

அதைப்பற்றி எழுத வரவில்லை என்று மேலே எழுதினேன். எழுதிவிட்டேன். எழுதினதை வெட்ட மாட்டேன், கிடக்கட்டும்.

பொலன்னறுவையில் இருந்து இங்கே நூறு கிலோமீற்றர் அளவுதான். ரோட்டு இப்போ நல்லம். மன்னம்பிட்டியில் முன்னம் ஒரே பாலத்தில்தான் கோச்சியும் பஸ்சும். கோச்சி வந்தால் பஸ் காத்து நிற்க வேணும். இப்போ பக்கத்தில் வேறு பாலம். வெலிக்கந்தை, புணாணை, ஓட்டமாவடி, ஏறாவூர், இரண்டு மணித்தியாலம் போதும். கோச்சி என்றால் ஸ்டேசன் பழைய நகரத்தில் இல்லை, கதுறுவெலவில். இதைச் சும்மா தகவலுக்குச் சொல்கிறேன். நீ வாற கிழமை மாமாங்கத் தீர்த்தமும் வருகுது, அதுவும் தகவல்தான். உன் திட்டத்தை மாற்றச் சொல்லி எழுதவில்லை. பிள்ளைகளின் லீவு எண்ணின நாள், கண்டியில் ஹோட்டலுக்கும் காசு கட்டியிருப்பாய்.

அதனால் நான் வாறன். காலையில் இங்கிருந்து வெளிக்கிடுகிற உதயதேவியில் ஏறினால் வெயில் ஏற முன்னம் கதுறுவெலவில் இறங்கலாம். ஸ்டேசனுக்கு வாகனம் அனுப்ப வேண்டாம், ஓட்டோ இருக்கு, அந்த ஊர் எனக்குப் புதிசில்லை, சிங்களமும் மறக்கவில்லை. வேளைக்காரர் கல்லை நானே பெரியவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அம்மாவும் வாறதென்றால் முழங்காலுக்குக் கோச்சிப் படி கஷ்டம், ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவ? நண்டும் இறாலும் சமைத்துக் கொண்டு வருவா, ஹோட்டலில் வெளிச்சாப்பாடு விடுவார்களா என்று கேட்டு வை. எருமைத் தயிரும் ஒரு சட்டி. பிள்ளைகளுக்கு முதல் நாளே நிறையக் கொடுக்காதே, வயிறு பழக வேணும்.

முதல் நாள் நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள், இரண்டாம் நாள்தான் நல்லம். எந்த ஹோட்டல் என்று திட்டத்தில் இல்லை. பழைய நகரப் பக்கமா, புது நகரப் பக்கமா, இல்லாவிட்டால் கிரித்தலையா? கிரித்தலை என்றால் ஸ்டேசனில் இருந்து தூரம், ஓட்டோக்காரனோடு முன்கூட்டியே பேச வேணும். பேரைத் தங்கச்சிக்கு அனுப்ப வேண்டாம், எனக்கே அனுப்பு. நானும் இப்போ வாட்ஸ்அப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

காலுறை ஆளுக்கு இரண்டு சோடி கொண்டு வா. ஒரு சோடி முதல் நாளே ஓட்டையாகிவிடும்.