தூக்குப்போசியோடு திரும்பி வந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் வங்கியில் பாஸ்புக் பதிந்து கொடுத்தார்கள். கடைசி வரியில் 2,80,000 ரூபாய் கடனில் கழிந்திருந்தது. எண்ணெய் ஆட்டும் செக்கு வைக்க நான் வாங்கிய கடனுக்கு அரசு கொடுத்த மானியம் அது. மூன்று வருடமாக வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து, செக்கு நிற்காமல் ஓடுகிறதா என்று வந்து பார்த்த பிறகு இப்போதுதான் கணக்கில் சேர்ந்திருக்கிறது. வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. உங்களிடம் நேரில் சொன்னால் "அட, அதுக்கென்ன கண்ணு" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சாம்பிள் போய்ச் சேர்ந்ததா, கலர் ஓகே ஆனதா, ஷிப்மென்ட் தேதிக்குள் சரக்கு பெட்டியில் ஏறுமா, இதுதான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். நல்ல வேலைதான். கடைசியாகக் கையில் வந்த சம்பளம் 32,000 ரூபாய். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, எள் மூட்டையை வண்டியில் போட்டுச் செக்குக்குக் கொண்டுபோகும்போது நானும் ஏறிக்கொள்வேன். மாடு சுற்றிச் சுற்றி வரும். கருப்பட்டி போட்டு ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கைச் சூட்டோடு ஒரு கட்டி உடைத்து என் கையில் வைப்பார்கள். அந்த வாசனை இருக்கிறதே, அதற்காகவே ஒரு நாள் சொந்தமாகச் செக்கு வைக்க வேண்டும் என்று பத்து வயதில் நினைத்தது, முப்பத்தெட்டு வயதிலும் போகவில்லை.

வேலையை விடுகிறேன் என்று சொன்னதும் என் மேலாளர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சார், நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னீர்கள். "எள்ளு விலை ஏறினா என்ன செய்வீங்க? எண்ணெய் விக்காம நின்னா எத்தனை மாசம் தாங்குவீங்க?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதை எழுதிக் கொண்டுவரச் சொன்னீர்கள். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தாளில் கடனுக்கு வேண்டிய கணக்கில் பாதி இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. 2022 மார்ச்சில் சீசன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மாவட்டத் தொழில் மையத்தில் இருந்த அந்த மேடத்துக்கு என் நன்றி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், நம் கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மானியத்தை முதலிலேயே கையில் கொடுப்பார்கள் என்றே நினைத்திருந்தேன். நீங்கள்தான் ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினீர்கள். மொத்தம் 8 லட்சம், அதில் உன் பணம் 40,000, வங்கி தருவது 7,60,000, மானியம் கைக்கு வராது, மூன்று வருடம் தொழிலை ஓட்டினால்தான் அது உன்னுடையது. "இது தெரிஞ்சுக்கிட்டு இறங்கும்மா" என்றீர்கள். சிறு தொழிலுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவுக்குக் காசு கிடையாது, யாரிடமும் கொடுத்து ஏமாறாதே, உணவுப் பாதுகாப்புப் பதிவு சின்னத் தொழிலுக்கு வருடம் 100 ரூபாய்தான் என்று சொன்னதும் நீங்கள்தான். அந்த உறை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

முதலில் போன வங்கியில் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வங்கியில் இருந்த அதிகாரி செக்கு வைக்க இருந்த எங்கள் மாட்டுக்கொட்டகைக்கே வந்து பார்த்தார். எள் எங்கே வாங்குவாய் என்று கேட்டுவிட்டு, அடுத்து அவர் கேட்டது புண்ணாக்கை யாருக்கு விற்பாய் என்பதுதான். எண்ணெய் விலை மட்டும் பார்த்தால் செக்கில் மிச்சம் இல்லை, புண்ணாக்குக் காசும் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். தொழில் தெரிந்து கேட்ட கேள்வி அது. ஐயா, உங்களுக்கு என் வணக்கம்.

அடுத்து ஆசாரி அண்ணா. உங்களைப் பற்றி எழுத எனக்கு இந்த மடல் போதாது.

உரலும் உலக்கையும் வாகை மரத்தில் செய்து கொண்டுவந்து, மோட்டாரோடு பூட்டிக் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது. பேசிய கூலியும் அதற்குத்தான். ஆனால் நீங்கள் எட்டு நாள் தொடர்ந்து வந்தீர்கள். முதல் நாள் 16 கிலோ எள்ளைக் கொட்டிவிட்டு என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னீர்கள். "பாக்காதே கண்ணு, கேளு" என்றீர்கள். முதலில் எள் நொறுங்கும் சரசரப்பு. அப்புறம் அது மாவாகி, சத்தம் அமுங்கிப் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் தட்டிய கருப்பட்டியையும் கை அளவு தண்ணீரையும் போட வேண்டும். முந்தினால் எள் வழுக்கிக்கொண்டு சுற்றும், பிந்தினால் எண்ணெய் பிரியாது. கொஞ்ச நேரத்தில் மாவு திரண்டு உரலோடு சுவர் மாதிரி ஒட்டி நிற்க, நடுவில் எண்ணெய் கசிந்து வரும். அப்போது உலக்கை ஒரு முனகல் சத்தம் கொடுக்கும். அந்த முனகலைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது. ஆறாவது நாள் நானே "இப்பப் போடட்டுங்களா?" என்று கேட்டபோது நீங்கள் வாயைத் திறக்கவில்லை, கருப்பட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். இன்றைக்கும் புது ஆள் வேலைக்கு வந்தால் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எள் வாங்கக் கற்றுக்கொடுத்தவர் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எனக்கு அறிமுகமான ஒரு வியாபாரி. ஏலம் நடக்கும் நாளில் கருப்பு, சிகப்பு, வெள்ளை என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே இருப்பதைப் பார்க்காதே, மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு எடு, நாலு எள்ளைக் கடி, ஈரம் இருந்தால் பல்லில் நசுங்கும், காய்ந்திருந்தால் நொறுங்கும் என்றார். கிலோ 150 ரூபாய்க்கு மேல் போன ஒரு வாரம், "இன்னைக்கு வாங்காதம்மா, பத்து நாள் பொறு" என்று தனக்கு வர வேண்டிய கமிஷனை விட்டுக்கொடுத்து என்னைத் திருப்பி அனுப்பினார். அண்ணா, அந்தப் பத்து நாள் எனக்கு எவ்வளவு மிச்சம் பண்ணிக் கொடுத்தது என்று உங்களுக்கே தெரியும்.

அத்தையைப் பற்றி எழுதுவதற்கு அவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. கேட்காமல் எழுதுகிறேன். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறேன் என்றதும் அத்தை என்னோடு பத்துப் பன்னிரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர்கள் பயம் நியாயமானது. மாமா பட்ட கடனை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். செக்கு ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரம், விடிகாலை நாலரைக்கு முறம் போடும் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அத்தை கொட்டகையில் தனியாக உட்கார்ந்து எள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். "கல்லோட ஆட்டுனா உலக்கை தேஞ்சு போயிராதா?" என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அத்தை கை படாத எள் எங்கள் செக்கில் விழுந்தது கிடையாது.

இனிமேல் எழுதப் போவதுதான் இந்த மடலில் எனக்கு முக்கியம்.

2022 தீபாவளி. செக்கு போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பலகாரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று ஏகப்பட்ட பேர் கேட்டார்கள். ஆட்டிய எண்ணெயை வெள்ளைத் துணி கட்டி மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்தால்தான் ஈரம் போகும், கசடு அடியில் தங்கும். ஐப்பசி மழையில் வெயில் எங்கே? ஒரு நாள் மட்டும் வைத்திருந்து, மேலாகத் தெளிந்த மாதிரி தெரிந்ததை வடித்துக் கொடுத்துவிட்டேன். 52 லிட்டர். தப்பு என்று தெரிந்துதான் செய்தேன். இல்லை என்று சொன்னால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், கிழக்கு வீதி அக்கா தூக்குப்போசியோடு வந்தீர்கள். செக்கில் ஆள் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தீர்கள். அத்தை கொடுத்த மோரைக் குடித்தீர்கள். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து மூடியைத் திறந்தீர்கள்.

"முறுக்குச் சுட ஊத்துனா பொங்கி வழியுது கண்ணு. அடியில பாரு, எவ்வளவு மண்டி நிக்குதுன்னு. வெளிய சொல்லலை. உங்கிட்டத்தான் சொல்லோணும்னு வந்தேன்."

அக்கா, பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நீங்கள் வாங்கவில்லை. "நல்லதா ஆட்டிக் குடு, வாங்கிக்கிறேன்" என்று போசியை அங்கேயே வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் பேசாமல் வேறு கடைக்குப் போயிருக்கலாம். கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம், சொன்னாலும் உங்கள் மேல் தப்பு கிடையாது. எண்ணெய் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை, ஏன் வரவில்லை என்றும் நமக்குத் தெரிவதில்லை. நீங்கள் அந்த மழையில் நடந்து வந்திருக்காவிட்டால் அடுத்த வாரமும் நான் அதே மாதிரித்தான் கொடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாங்கிய எல்லோருக்கும் போன் செய்தேன். எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், புதிதாகத் தருகிறேன், இல்லை என்றால் பணம் தருகிறேன் என்றேன். இருபதாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. திரும்பி வந்ததை வெயில் வந்ததும் மறுபடி தெளிய வைத்துக் கார்த்திகைக்கு வீட்டில் விளக்கேற்ற வைத்துக்கொண்டேன். எங்கள் பாப்பா ஒவ்வொரு பாட்டிலிலும் ஆட்டிய தேதி, வெயிலில் வைத்த நாள் என்று கையால் எழுதி ஒட்டுவது அப்போது தொடங்கியது. இன்னும் அவள்தான் எழுதுகிறாள்.

அந்த வாரம் ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. ஒரு நாள் மனது தாங்காமல் பழைய மேலாளரைக் கூப்பிட்டு, திரும்பி வந்தால் வேலை இருக்குமா என்று கேட்டேன். "இருக்கு, கண்டிப்பா வாங்க. ஆனா திருப்பிக் கொண்டுவந்தவங்கள்ல எத்தனை பேர் பணமா கேட்டாங்க, எத்தனை பேர் எண்ணெயா கேட்டாங்கன்னு எண்ணிட்டு வாங்க" என்றார். எண்ணினேன். 31 வீட்டில் 26 வீடு எண்ணெயாகவே கேட்டிருந்தது. அதற்கப்புறம் அவரை நான் வேலைக்காகக் கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் திருப்பூர் வேலையை ஈரோட்டுப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்தார். முதல் வருடம் செக்கில் மாதம் 9,000 கூட நிற்கவில்லை, வீட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் கூடச் சொல்லிக் காட்டியது கிடையாது. போன வருடத்திலிருந்துதான் நான் பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில் எடுக்கிறேன். யாராவது என்னைப் பார்த்து நாளைக்கே வேலையை விடலாம் என்று நினைத்தால், இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பி.எஃப். பணத்திலிருந்து ஆறு மாதச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்ததால்தான் தாங்க முடிந்தது. தங்கச்சி தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகிலிருந்து மீட்டுக் கொடுத்த நாளில் அவளும் நானும் அழுதோம், அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

இன்னும் நிறைய பேர் இருக்கிறீர்கள். மும்முனை மின்சாரம் வரும் வரைக்கும் ஈ.பி. அலுவலகத்துக்கு என்னோடு அலைந்த பெரியப்பா. புண்ணாக்கு மொத்தத்தையும் வாரா வாரம் ரொக்கமாக எடுத்துக்கொள்ளும் பால்காரத் தம்பி. இப்போதும் மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் சேர்த்து எண்ணெய் வாங்கிப் போகும் கம்பெனித் தோழிகள். என் அப்புச்சி இதைப் பார்க்க இல்லை. அமுச்சி, அம்மாவின் அம்மா, இருக்கிறார்கள். பல் இல்லாத வாயில் எள்ளுப் புண்ணாக்கைப் போட்டுச் சப்பிக்கொண்டு, "கருப்பட்டி பத்தலை" என்கிறார்கள்.

இந்தத் தீபாவளிக்கு வேண்டிய எண்ணெயைப் புரட்டாசி வெயிலிலேயே ஆட்டி முடித்துவிட்டோம். நான்கு நாள் முழு வெயிலில் வைத்து, நேற்றுத்தான் வடித்தோம். கிழக்கு வீதி அக்கா, உங்கள் தூக்குப்போசியை முதலில் நிரப்பி, அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன். முறுக்கு சுட்டதும் எண்ணெய் எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
சிவகிரிப் பக்கத்துச் செக்குக்காரப் பெண்