படிக்கல்லுக்கு ஒரு கணக்குத் தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் அச்சமின்றி நடமாடத் தக்கவையாக ஊர்களை மாற்றுவதற்குச் சிறுதொகை மானியம் வழங்கும் முறையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தோருக்காக இயங்கும் ஏஏஆர்பி என்னும் அமைப்பு, 2017 முதல் ஆண்டுதோறும் உள்ளாட்சிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இத்தகைய மானியத்தைக் கொடுத்துவருகிறது. சில நூறு டாலரில் தொடங்கும் இந்தத் தொகையைக் கொண்டு பேருந்து நிறுத்தத்தில் இருக்கை போடுகிறார்கள், சாலையைக் கடக்கும் இடத்தில் கோடு வரைகிறார்கள், மிதிவண்டி நிறுத்த இடம் அமைக்கிறார்கள். எடுத்த வேலையைச் சில மாதங்களுக்குள் முடித்துக் காட்டவும் வேண்டும். மானியத் தொகையைவிட இந்தக் கெடுதான் என் கவனத்தை ஈர்த்தது.

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் வசிக்கும் எனக்கு வயது 74. எங்கள் வீட்டிலிருந்து மருந்துக்கடை நானூறு மீட்டர் தொலைவுகூட இராது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், என் சிறுவயதில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது ஒரு படிதான் மிஞ்சியிருக்கிறது. உயர்ந்துவிட்ட சாலைக்கும் பழைய மட்டத்திலேயே கிடக்கும் வாறுகால் (சாக்கடை) மூடிக்கும் இடையே ஒரு சாண் பள்ளம். சென்ற ஐப்பசி மழையில், தண்ணீர் தேங்கி மறைந்திருந்த அந்தப் பள்ளத்தில் கால் இடறி என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் அவர் தனியே தெருவில் இறங்குவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. எதிர்வீட்டு ஆச்சி இந்தப் பள்ளத்துக்குப் பயந்தே ஈராண்டாக வாசல் தாண்டவில்லை என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இதைச் சரிசெய்யக் கோரி உரிய அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். முழுத்தெருவுக்கும் புதிய வடிகால் என்றால் திட்ட மதிப்பீடு தயாரிக்கலாம், ஒரு வீட்டு வாசலில் சரிவு போடுவதற்கும் உட்காரக் கல் போடுவதற்கும் "கணக்குத் தலைப்பு", அதாவது செலவை எழுத நிதிக் கணக்கில் தனி இனம், இல்லை என்று விளக்கினார்கள். முடிவில் தெருக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் செலவில் கொத்தனாரை வைத்துச் சரிவு பூசினோம். இடித்த வீடொன்றிலிருந்து வந்த நீளப் படிக்கல்லை மருந்துக்கடைக்குப் பாதி வழியில் இரண்டு கட்டைக் கற்களின் மேல் கிடத்தினோம். ஒன்றரை நாள் வேலை. மறு வாரமே எதிர்வீட்டு ஆச்சி அந்தக் கல்லில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் செய்வது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றத் தோள் உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டதும், வழிப்போக்கர் சாய்ந்திருக்கத் தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டியதும் நடப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடுகளே. திருமணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டுப் புள்ளிவரி வசூலித்து ஊர்க்கோயிலை நடத்திவந்த நகரத்தார் வழக்கத்தைச் சிறுதொகையைக் கூட்டிப் பொதுவேலை செய்வதற்கு முன்மாதிரியாகவே கொள்ளலாம். இன்றோ பெரும்பாலான திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு போட்டாயிற்று. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, இரண்டு தெருவை அடைத்து நிற்கும் வீட்டில் ஒற்றை முதியவர் இருக்கும்போது கதவு போடாமல் என்ன செய்வார்கள்? தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கே நடந்துபோகும் மண்ணில், நானூறு மீட்டருக்கு ஆட்டோவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

மக்கள் பங்களிப்புக்கு நம்மிடம் திட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, இடையில் நின்று, 2021-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. ஆனால், மக்கள் தங்கள் பங்கை முதலில் திரட்டித் தர வேண்டும் என்னும் நிபந்தனை, வெளியூரில் வசதியான பிள்ளைகள் உள்ள தெருவுக்கு எளிதாகவும் கூலிவேலை செய்வோர் தெருவுக்கு எட்டாக்கனியாகவும் ஆகிவிடுகிறது. எங்கள் தெருவால் ஆறாயிரம் திரட்ட முடிந்தது. ஊரணிக்கு அப்பால் உள்ள தெருவிலும் இதே பள்ளம் இருக்கிறது, அங்கும் முதியோர் இருக்கிறார்கள், அந்தத் தெருவுக்கு யார் திரட்டித் தருவது?

நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைகள் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. முதியவரின் முழங்கால் அறிந்து வகுத்த அளவு அது. அதற்கு மேல் உயர்ந்துள்ள இடங்களைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோலும் ஒரு காலைப்பொழுதும் போதும். மிதிவண்டிக்கும் இதே அக்கறை வேண்டும். 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றது எங்களை அடுத்த புதுக்கோட்டையில்தான். இன்று பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கும் பிள்ளைகள், சாலையோரச் சரளையில் இறங்குவதும் தார் விளிம்பில் ஏறுவதுமாகப் பேருந்துக்கு வழிவிட்டுச் செல்கிறார்கள்.

ஆகவே, பேரூராட்சி ஆனாலும் ஊராட்சி ஆனாலும், ஆண்டு நிதியில் ஒரு சிறுதொகையை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் என்று தனியே ஒதுக்கி, அதற்கென ஒரு கணக்குத் தலைப்பைத் திறக்கும்படி அரசை வேண்டுகிறேன். எந்த வாசலில் சரிவு, எந்த முனையில் இருக்கை என்பதைக் கிராம சபையிலோ பகுதி சபையிலோ முதியோரையே சொல்லச் செய்யலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட வேலைக்கு மக்கள் பங்கு கேட்க வேண்டாம், மூன்று மாதக் கெடு வைத்தால் போதும். எங்கள் தெருவில் சரிவு வேண்டிய வாசல்கள் இன்னும் பதினொன்று உள்ளன. அவற்றை அளந்து குறித்த தாள் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்.