குடலுக்குள் மாறும் கஷாயம்

அன்புள்ள கண்ணப்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு வழக்கமான சோம்பல் காரணமில்லை. நீ கேட்டிருந்த கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. உன் மகள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைச் சொல்லிவிட்டு, “ஒரு சீனக் கஷாயம் புற்றுநோயை எப்படி எதிர்க்கிறது என்று கணினியை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட முடியுமா? இதில் சாரம் ஏதாவது உண்டா?” என்று நேராகவே கேட்டுவிட்டாய். மூலக்கூறுகளைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவள் எடுத்திருப்பது ஹுவாங் சின் டாங் என்று எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் வயிற்றுப்போக்குக்காக எழுதிவைத்த கஷாயம் அது. ஸ்குட்டலேரியா வேர், பியோனி வேர், அதிமதுரம், இலந்தை ஆகிய நான்கே பொருள்கள் அதில் உண்டு.

அவளுடைய முறைக்கு வலையமைப்பு மருந்தியல் என்று பெயர். ஒரு மருந்து ஒரு புரதத்தை மட்டும் தாக்குவதாக எண்ணாமல், பல புரதங்களின் வலையையே இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 2007-இல் எழுதியபோது இந்தப் பெயர் பரவியது. பல மூலிகைகளைச் சேர்த்துக் காய்ச்சும் சீன மருத்துவத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியதில் வியப்பில்லை. 2014-இல் வெளிவந்த டிசிஎம்எஸ்பி என்ற தரவுத்தளத்தில் 499 மூலிகைகளின் சேர்மங்கள் அடங்கியிருக்கின்றன. அதிலிருந்து நான்கு மூலிகைகளின் சேர்மங்களை எடுத்து, வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தை எட்டும் அளவு 30 சதவீதத்துக்கும், மருந்துக்குரிய தன்மைக்கான மதிப்பெண் 0.18-க்கும் குறையாதவற்றை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அவை எந்தெந்தப் புரதங்களைப் பிடிக்கக்கூடும் என்ற பட்டியலையும் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்களின் பட்டியலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டுக்கும் பொதுவானவற்றை வலையாக வரைந்து, அதிக இழைகள் வந்து சேரும் முடிச்சுகளை முக்கியமானவை என்பார்கள். கடைசியில், சேர்மம் அந்தப் புரதத்தின் குழிவில் பொருந்துகிறதா என்று டாக்கிங் என்ற கணினிச் சோதனை செய்து பார்ப்பார்கள். நாற்காலியை விட்டு எழாமல் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இந்த எளிமைதான் எனக்கு முதலில் சந்தேகம் தருவது.

இத்தகைய கட்டுரைகளில் பத்தை அடுத்தடுத்துப் படித்துப் பார். மூலிகை மாறும், புற்றுநோய் மாறும், ஆனால் முடிவில் குவெர்செட்டின், கேம்ஃபெரால் என்ற தாவரச் சேர்மங்களே வந்து நிற்கும்; புரதங்களில் ஏகேடி1, டிபி53, ஐஎல்6 வந்து நிற்கும். குவெர்செட்டின் எண்ணற்ற செடிகளில் இருக்கும் பொருள், அதிமதுரத்திலும் உண்டு. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதை எடுத்து ஏதாவதொரு புரதத்தின்மேல் ஊற்றிப் பார்த்திருப்பதால், அதன் பெயருக்கு எதிரே இலக்குகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. டிபி53-க்கும் அதே கதைதான். அதிகம் ஆராயப்பட்டதற்கு அதிக இழைகள். அதிக இழைகள் உள்ளதே மையம். அந்தப் படம் செடியைக் காட்டுவதைவிட, இத்தனை காலம் நாம் எங்கே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதையே அதிகம் காட்டுகிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு வலைப்படத்தை வண்ண வண்ணமாக அச்செடுத்து, எங்கள் துறையின் மூத்தவர் ஒருவரிடம் பெருமையோடு நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதில் எந்தக் கோடு பொய்யாகிப்போனால் நீ இந்தப் படத்தைக் கிழித்துப் போடுவாய்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படம் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இரண்டாவது குறை ஆழமானது. அந்த 30 சதவீதம் என்பதே மனித இரத்தத்தில் அளந்த எண் அல்ல, ஒரு கணிப்பு. குவெர்செட்டினுக்கு அந்தத் தரவுத்தளம் 46 சதவீதத்துக்கும் மேல் கொடுக்கிறது. உண்மையில் குடலும் ஈரலும் அதைப் பிடித்து வேறு மூலக்கூறுகளோடு ஒட்டிவிடுவதால், குவெர்செட்டின் குவெர்செட்டினாகவே இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். சட்டியில் இருப்பதற்கும் உடலில் ஓடுவதற்கும் இடையில் ஒரு குடல் இருக்கிறது. வலைப்படத்தில் அதற்கு இடமில்லை.

உன் மகளின் கஷாயத்திலேயே இதற்கு அழகான சான்று இருக்கிறது. இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தை நீ நோயாளிகளுக்குக் கொடுத்தே பழகியவன். அதன் மூலமான கேம்ப்டோதெசினை 1966-இல் மன்றோ வால், மன்சுக் வாணி குழுவினர் ஷி ஷு என்ற சீன மரத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இரினோடெக்கானின் செயல்படு பொருளை ஈரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு பூட்டி அனுப்ப, குடல் பாக்டீரியாக்களின் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதி பூட்டைத் திறந்துவிட, குடலின் உட்சுவர் புண்ணாகிறது. அந்த வயிற்றுப்போக்கைத் தணிக்க, யேல் பல்கலைக்கழகத்தின் யுங்-சி செங் குழுவினர் ஹுவாங் சின் டாங்கையே பிஎச்ஒய்906 என்ற பெயரில் தரப்படுத்தி எலிகளுக்குக் கொடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவுகளின்படி குடலின் செல்கள் மீண்டும் தழைத்தன, அழற்சி குறைந்தது. சீன மரத்தின் நஞ்சுக்குச் சீனக் கஷாயமே மருந்தானதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். குடல் செல்களைத் தழைக்கவைக்கும் விண்ட் என்ற சமிக்ஞையை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் அவர்கள் சோதித்தபோது, கஷாயத்தை அப்படியே சேர்த்தால் பயனில்லை. அதே பாக்டீரிய நொதியில் பக்குவப்படுத்திய பிறகே அது சமிக்ஞையைப் பெருக்கியது. ஸ்குட்டலேரியா வேரின் பைகாலினும் குளுக்குரோனிக் அமிலம் பூட்டிய பொருள்தான். குடலில் அந்தப் பூட்டு கழன்று பைகாலெயினாக மாறியே அது உறிஞ்சப்படுகிறது. சட்டிச் சேர்மங்களை மட்டும் பட்டியலிட்டுத் தொடங்கும் கணக்கு இந்த மாற்றத்தை எப்படிப் பிடிக்கும்?

டாக்கிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் பயன்படுத்தும் ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளை 2010-இல் அறிமுகப்படுத்தியவர்களே, பிணைப்பு ஆற்றலைக் கணிப்பதில் அதன் பிழையளவை மோலுக்கு 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். மைனஸ் 7.9-ஐ மைனஸ் 7.2-ஐவிட உயர்த்திப் பேசுகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதோடு, பொருந்திய சேர்மம் புரதத்தை அடக்குகிறதா தூண்டுகிறதா என்பதையும் அந்த எண் சொல்லாது.

ஆனாலும் மகளைத் தடுத்துவிடாதே. பல பொருள்கள் கூடி ஒரு வேலையைச் செய்யும் என்ற எண்ணம் வெறும் நம்பிக்கையல்ல. மனோசிலை, அவுரிப் பொடி, சால்வியா வேர் அடங்கிய சீன மருந்தை எடுத்து, ஏபிஎல் என்ற இரத்தப் புற்றுநோயில் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வை அவள் படிக்கட்டும். மனோசிலையின் ஆர்செனிக் சேர்மம் நோய்க்குக் காரணமான பிஎம்எல்-ஆர்ஏஆர்ஏ புரதத்தைச் சிதைக்க, மற்ற இரண்டின் சேர்மங்களும் செல்சவ்வில் ஆர்செனிக் நுழையும் வாயிலைப் பெருக்கின. மூன்றும் சேர்ந்து செய்ததைத் தனித்தனியே செய்ய முடியவில்லை என்பதைச் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். கேள்வி ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது என்பதால், தவறாக இருந்திருந்தால் அது தெரிந்துபோயிருக்கும்.

அவளிடம் இரண்டு வேலைகளைச் சொல். தரவுத்தளத்திலிருந்து ஏதாவது நான்கு மூலிகைகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதே கணக்கை நூறு முறை ஓட்டட்டும். அப்போதும் முன்னால் வந்து நிற்கும் புரதங்களைத் தன் பட்டியலிலிருந்து அடித்துவிடட்டும். பிறகு, கஷாயம் குடித்தவர்களின் இரத்தத்தில் உண்மையாகவே அளக்கப்பட்ட பொருள்களின் பெயர்களைத் தேடி எடுத்து, சட்டிப் பட்டியலுக்குப் பதிலாக அவற்றிலிருந்து தொடங்கட்டும். அதற்குப் பின் மிஞ்சும் பட்டியல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எனக்கு அனுப்பச் சொல். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ரகுநாதன்