அந்த ஒரு மாதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மைக்கான ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் சிகிச்சை) தொடங்க முடியும் என்று டாக்டர் சொன்னதில் நீ மனம் உடைந்து பேசினாய். இத்தனை நாள் காத்திருந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் எவ்வளவு பாரம் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஊசி வேண்டாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

மீராவின் ரத்தத்தில் ரூபெல்லாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். சிலருக்கு வந்ததே தெரியாது. வயிற்றுக் குழந்தைக்கு அப்படி இல்லை. முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று வரும். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தில் இந்த அம்மை வந்திருந்ததை 1941-ல் கண்டுபிடித்துச் சொன்னார். நர்ஸாக இருந்தபோது அப்படிப் பிறந்த பிள்ளைகளை நானும் கையில் ஏந்தியிருக்கிறேன்.

ரூபெல்லாவுக்குப் போடும் எம்எம்ஆர் ஊசியில் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்தது) இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. அதனால் கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள்; போட்ட ஒரு மாதத்துக்கு இயல்பாகவும் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இப்போது விட்டால் பிரசவம் வரைக்கும் வாய்ப்பில்லை.

அப்புறம் சின்னம்மை. மீராவுக்குச் சிறு வயதில் வந்ததா என்று தெரியாவிட்டால் அதற்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். அதற்கு இரண்டு ஊசி, இடையில் குறைந்தது 4 வாரம். முதல் ஊசியை எம்எம்ஆர் போடும் அன்றே போட்டுக்கொள்ளலாம். பிறகு தெரியவந்தால் இன்னொரு முறை தள்ளிப்போகும், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

உனக்கு எதற்கு ஊசி என்று கேட்டாயே. வளர்ந்த ஆணுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தால் விதை வீங்கி, விந்தணுவே குறைந்துபோகலாம். எம்எம்ஆர் அதையும் தடுக்கும். ஹெபடைட்டிஸ் பி (கல்லீரல் தொற்று), ஃப்ளூ ஊசிகளையும் டாக்டரிடம் கேள். கொரோனா ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்று பரப்பினார்களே, அதை நம்பாதே. ஐவிஎஃப் செய்தவர்களிடமே ஆராய்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கரு உருவாவதில் வித்தியாசம் இல்லை. கடுமையான காய்ச்சல்தான் விந்தணுவைச் சில காலம் குறைக்கும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆவதால், இன்றைய காய்ச்சலின் பாதிப்பு அடுத்த மாதங்களில்கூடத் தெரியும்.

ஃப்ளூ ஊசி செயலிழந்த கிருமியால் ஆனது, கர்ப்பத்திலும் போடலாம். கருமுட்டை எடுக்கும் நாளையும் கரு வைக்கும் நாளையும் ஒட்டிப் போடாமல் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது காய்ச்சல் அடித்தால் ஊசியாலா, தொற்றாலா என்று குழப்பமாகிவிடும். கக்குவான் இருமலுக்கான ஊசி 27 முதல் 36 வாரத்துக்குள். அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரை, ஸ்கேன், ஹார்மோன் ஊசி எல்லாம் அவள் உடம்பில்தான் நடக்கிறது. ஊசி போட அவளைத் தனியாக அனுப்பாமல் நீயும் போ. சின்னம்மை பற்றிச் சம்பந்தியம்மாவிடம் நான் கேட்டால் வேறு மாதிரி நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது, மீராவையே கேட்கச் சொல். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் போன் செய்.

அன்புடன்,
அம்மா