சிலிண்டரில் இருப்பது சுவாசிக்கத் தக்க காற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் நாலைந்து பையன்கள் சேர்ந்து பணம் போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டி முக்குளிப்பதற்கான, யாரோ கழித்துவிட்ட ஸ்கூபா சாமான்களை வாங்கிவருகிறார்கள். முகமூடியையும் கால் துடுப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பேரம் பேசுபவர்கள், சிலிண்டரை ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். முகமூடி ஒழுகினால் மேலே வந்துவிடலாம். காற்று கெட்டிருந்தால் வருவது கடினம்.

முதலில் சிலிண்டரின் தோளில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். எத்தனை பார் அழுத்தம் தாங்கும், கடைசியாக நீரழுத்தச் சோதனை நடந்த மாதம், ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தைச் சுரண்டிப் பெயின்ட் பூசியிருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம். 6351 என்னும் பழைய அலுமினியக் கலவையில் செய்தவற்றில் கழுத்துப் பகுதியில் விரிசல் விடக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பது நல்லது. ஈரம் புகுந்த எஃகுச் சிலிண்டர் மாதக்கணக்கில் கிடந்தால், உள்ளே பிடிக்கும் துரு ஆக்சிஜனையே தின்றுவிடும். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் முழுதாக நிற்கும், முக்குளிப்பவர் மயங்கிப்போவார்.

அடுத்தது காற்று நிரப்பும் இடம். கம்பிரசர் காற்றை இழுக்கும் வாய், டீசல் என்ஜின் புகை போகும் திசையில் இருக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால், கரையில் தலைவலி மட்டும் தரக்கூடிய அளவு அங்கே ஆளைச் சாய்த்துவிடும். ஐரோப்பியத் தரப்படி சுவாசக் காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடாது. நிரப்பித் தருபவரிடம் வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம். ஆஸ்பத்திரி ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு இறங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை உண்டாக்கக்கூடும்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில் 60 லிட்டர் இழுப்பார். 50 பாரைக் கைவைக்காமல் ஒதுக்கினால் கையில் இருப்பது 27 நிமிடம். ஏறுவதும் இறங்குவதும் அதற்குள்தான். நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்து நீந்தினால் அதுவும் சுருங்கும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். ஏறும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது. 10 மீட்டரில் பிடித்த மூச்சு மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும்.

படகிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கிச் சங்கு குளிப்போர், வாய்ப்பக்கம் ஒருவழி வால்வு இல்லாமல் இறங்குவது தற்கொலைக்குச் சமம். மேலே குழாய் அறுந்தால், அது காற்றைத் தருவதற்குப் பதிலாக ஆளிடமிருந்தே உறிஞ்சும். என்ஜின் நின்றாலும் ஏறி வரும்வரை காற்று கிடைக்க, சேமிப்புத் தொட்டி ஒன்று படகில் இருக்க வேண்டும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைச் சோதிக்க இரண்டு வேலை. சிலிண்டர் வால்வைத் திறக்குமுன் அதை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். காற்று வந்தால் சவ்வோ வாய்ப்பிடியோ கிழிந்திருக்கிறது, அந்த வழியே தண்ணீரும் வரும். பிறகு, மீட்டர் கண்ணாடியை முகத்துக்கு எதிரே பிடிக்காமல் வால்வை முழுதாகத் திறந்து, மீட்டரைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது.

கரைக்கு வந்ததும் ரெகுலேட்டரின் தூசி மூடியை உலர்த்தி மாட்டி, அதை நல்ல தண்ணீரில் ஊறவைக்கலாம். ஊறும்போது வாய்ப்பகுதிப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் சாமான்களைக் கட்டிவைக்கும்போது, சிலிண்டரை முழுதாகக் காலி செய்யாமல் 20 பார் அளவு விட்டு, நிமிர்த்திச் சுவரோடு கட்டி வையுங்கள். மறுபடி இறங்குமுன் அந்தப் பழைய காற்றை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
முக்குளிப்புப் பயிற்றுநர்கள்,
உவரி, திருநெல்வேலி மாவட்டம்.